எட்டுப் படம், ஐந்து மூலக்கூறு: ஐதரோகாபன்களுக்குப் பெயரிடும் முறை

வெள்ளவத்தையில் இருந்து, இந்த முறை உயர்தரம் எழுதப்போகும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "ஆறு காபனும் 14 ஐதரசனும் கொண்ட அற்கேனின் சமபகுதியங்களை எல்லாம் வரைந்து பெயரிடச் சொன்னார்கள். நான் எட்டு வரைந்தேன். 4-மெதைல்பென்ரேன், 2-எதைல்பியூற்றேன், 1,3-டைமெதைல்பியூற்றேன் ஆகிய மூன்றையும் வெட்டிவிட்டார்கள். படமும் வேறு, பெயரும் வேறு, பிறகு ஏன் பிழை? இன்னொன்று, ரியூசன் சேர் 2-எதைல்பென்ற்-1-ஈன் என்று சொல்லித்தந்த சேர்வைக்கு இணையத்தில் 3-மெதைலிடீன்எக்சேன் என்று கிடக்கிறது. யார் சொல்வது சரி?"

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: இரண்டும் சரி. ஏன் என்பதற்கு அற்கீன், அதாவது காபன்களுக்கிடையில் இரட்டைப் பிணைப்புள்ள ஐதரோகாபன், வரும்வரை பொறுத்திருங்கள். முதலாவது கேள்விதான் அத்திவாரம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: காபனும் ஐதரசனும் மட்டும் கொண்டது ஐதரோகாபன், அதில் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு என்றால் அற்கேன். ஒரே சூத்திரம், வேறு இணைப்பு என்றால் சமபகுதியம். மெதைல், எதைல், புரொப்பைல், பியூற்றைல் என்பன முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு காபன் கொண்ட கிளைகள்.

தங்கை, அந்த மூன்று படத்தையும் நீங்கள் பிழையாக வரையவில்லை. ஏற்கெனவே வரைந்த மூலக்கூறுகளையே வேறு கோலத்தில் திரும்ப வரைந்திருக்கிறீர்கள். தாளில் ஒரு காபனை மேலே போடுகிறோமா கீழே போடுகிறோமா, சங்கிலியை நேராக இழுக்கிறோமா மடக்குகிறோமா என்பதெல்லாம் நம் வசதி. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் சுழலும். மூலக்கூறுக்கு இடம் வலம் கிடையாது. எந்தக் காபன் எந்தக் காபனோடு பிணைந்திருக்கிறது என்பதைத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதனால் பெயரிட உட்காரும்போது பென்சில் நுனியை ஒரு முனைக் காபனில் வையுங்கள். தூக்காமல், வந்த வழியே திரும்பாமல், இன்னொரு முனை வரை போய், கடந்த காபன்களை எண்ணுங்கள். எந்த இரு முனைகளுக்கு இடையில் எண்ணிக்கை கூடுகிறதோ அதுதான் பிரதான சங்கிலி. அது நேர்கோட்டில் கிடக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே மடக்கித்தான் வரைவார்கள்.

உங்கள் 2-எதைல்பியூற்றேனையே எடுப்போம். நேராக நான்கு காபன், இரண்டாவதன் தலையில் எதைல். எதைலின் நுனியில் பென்சிலை வைத்து இறங்குங்கள். ஒன்று, இரண்டு, சங்கிலியைத் தொட்டதும் மூன்று, வலப்பக்கம் திரும்பினால் நான்கு, ஐந்து. நான்கு அல்ல, ஐந்து காபன் சங்கிலி. நடுக் காபனில் மிஞ்சியிருப்பது இடப்பக்கத்து ஒற்றைக் காபன், அதாவது ஒரு மெதைல். ஆக இது 3-மெதைல்பென்ரேன். அதை நீங்கள் முன்னரே எழுதிவிட்டீர்கள். 1,3-டைமெதைல்பியூற்றேனில் முதலாம் காபனில் தொங்கும் மெதைல் கிளையே இல்லை, சங்கிலியின் நீட்சி. அதையும் சேர்த்து எண்ணினால் ஐந்து காபன், ஒரு முனையிலிருந்து இரண்டாவதில் ஒரு மெதைல்: 2-மெதைல்பென்ரேன். 4-மெதைல்பென்ரேனும் அதேதான், மறுமுனையிலிருந்து எண்ணினால் நான்கு இரண்டாகிவிடும். எஞ்சுவது ஐந்து: எக்சேன், 2-மெதைல்பென்ரேன், 3-மெதைல்பென்ரேன், 2,2-டைமெதைல்பியூற்றேன், 2,3-டைமெதைல்பியூற்றேன். இதற்கு மேல் ஆறு காபனில் வராது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று சிலர் நினைப்பார்கள். பென்ரேனைப் பாருங்கள். ஐந்து காபன், 12 ஐதரசன், மூன்று சமபகுதியம். பென்ரேன் 36 பாகை செல்சியசில் கொதிக்கும். 2-மெதைல்பியூற்றேன் 28 பாகையில். 2,2-டைமெதைல்புரொப்பேன் ஏறத்தாழ 10 பாகையிலேயே. கொழும்பு மதியத்துக்கு 30 பாகை என்று வைத்தால், முதலாவது போத்தலுக்குள் திரவமாக நிற்கும், இரண்டாவது கொதித்துப் போகும், மூன்றாவது எப்போதோ வாயு. சூத்திரம் ஒன்றே, அணுக்கள் ஒன்றே, இணைந்த விதம் மட்டும் வேறு. "ஐந்து காபன் அற்கேன் கொடுங்கள்" என்று கேட்டால் எதைக் கொடுப்பார்கள்? காபன் கூடக் கூட இந்தச் சிக்கல் பெருகும்: ஏழு காபனுக்கு 9 சமபகுதியம், எட்டுக்கு 18, ஒன்பதுக்கு 35, பத்துக்கு 75. இருபது காபனுக்கு எண்ணிக்கை மூன்றரை இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயர் வைத்துப் பாடமாக்க எவராலும் முடியாது.

அந்த நெருக்கடியில்தான் விதிகள் பிறந்தன. ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஹொஃப்மன் 1866இல், ஐதரசன் குறையக் குறையப் பெயரின் கடைசி உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு போகலாம் என்று ஓர் ஒழுங்கைச் சொன்னார். இன்றைக்கு நாம் எழுதும் "ஏன்", "ஈன்", "ஐன்" என்ற ஈறுகளின் வேர் அங்கே. 1892இல் ஜெனீவாவில் ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் கூடி, மிக நீண்ட சங்கிலியை அடிப்படையாக வைத்துப் பெயரிடுவது என்று தீர்மானித்தார்கள். 1919இல் உருவான ஐயுபாக் (IUPAC) என்ற சர்வதேச இரசாயன அமைப்பு அதைத்தான் இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. மெதேன், எதேன், புரொப்பேன், பியூற்றேன் என்ற முதல் நான்கும் விதிக்கு முந்திய பழைய பெயர்களின் வழி வந்தவை. பியூற்றேனின் முன்பாதி, பழுதான பட்டரில் நாறும் பியூற்றிரிக் அமிலத்திலிருந்து வந்தது. இந்த நான்கையும் மனனம் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஐந்திலிருந்து பென்ரேன், எக்சேன், எப்ரேன், ஒக்ரேன், நொனேன், டெக்கேன் என்று எண்ணுப் பெயர்கள் வரிசையாக வரும். தமிழ்நாட்டு நூல்களில் பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன் என்றிருக்கும். சரக்கு ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு.

இனி இலக்கமிடல். பெற்றோல் செட்டில் "ஒக்ரேன் 92", "ஒக்ரேன் 95" என்று இரண்டு விற்கிறார்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு அற்கேன்கள் இருக்கின்றன. என்ஜினுக்குள் அடித்துக்கொள்ளாமல் சீராக எரியும் ஒன்றுக்கு 100 என்றும், மிக மோசமாக அடிக்கும் எப்ரேனுக்கு 0 என்றும் வைத்து அளவுகோல் செய்தார்கள். 92 என்றால், அந்த முதலாவதில் 92 பங்கும் எப்ரேனில் 8 பங்கும் கலந்த கலவை எப்படி நடக்குமோ அப்படி இந்தப் பெற்றோல் நடக்கும் என்று அர்த்தம். அந்த 100 புள்ளிக்காரரைத்தான் "ஐசோஒக்ரேன்" என்கிறார்கள். எட்டுக் காபன் உண்டு, ஆனால் பிரதான சங்கிலியில் ஐந்துதான். ஒரு பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் காபனில் இரண்டு மெதைல், நான்காம் காபனில் ஒரு மெதைல்: 2,2,4. மறுபக்கத்திலிருந்து எண்ணினால் 2,4,4. இரண்டு தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடமிருந்து ஒப்பிட்டு வாருங்கள். முதல் எண் இரண்டிலும் 2. இரண்டாவது எண்ணில் ஒன்றில் 2, மற்றதில் 4. வேறுபாடு முதலில் தெரியும் அந்த இடத்தில் எது சிறிதோ அது வெல்லும். ஆகவே 2,2,4-ட்ரைமெதைல்பென்ரேன். கிளையில்லாத நேர்ச்சங்கிலி ஒக்ரேனுக்கு இந்த அளவுகோலில் பூச்சியத்துக்கும் கீழேதான் இடம். ஒரே சூத்திரம், ஒன்று என்ஜினுக்கு மருந்து, மற்றது நஞ்சு.

இந்த "முதல் வேறுபாடு" விதியைப் பலர் "கூட்டுத்தொகை குறைந்த பக்கம்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். சில குறிப்புப் புத்தகங்களில்கூட அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலான கணக்குகளில் விடை ஒத்துப்போவதால் பிழை பிடிபடுவதில்லை. பிடிபடும் இடம் ஒன்று சொல்கிறேன். பத்துக் காபன் சங்கிலி, ஒரு பக்கத்திலிருந்து 2, 7, 8 ஆகிய காபன்களில் மெதைல். மறுபக்கத்திலிருந்து எண்ணினால் 3, 4, 9. கூட்டிப் பார்த்தால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்று எழுதுவார். சரியான பெயர் 2,7,8-ட்ரைமெதைல்டெக்கேன். முதல் இடத்திலேயே 2, 3ஐ வென்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன வந்தாலும் கணக்கில்லை. கூட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சிக்கல். கிளைகள் பலவகையாக இருந்தால் அவற்றை அகரவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. எந்த அகரவரிசை? ஆங்கில நெடுங்கணக்கு. வகுப்பில் "எதைல் முதலில், மெதைல் பிறகு" என்று சொல்லித்தருவார்கள். தமிழிலும் எகரம் மகரத்துக்கு முன்னால் வருவதால் யாருக்கும் சந்தேகம் எழாது. மெதைலும் புரொப்பைலும் சேர்ந்து வரும்போதுதான் கால் இடறும். தமிழில் பகரம் மகரத்துக்கு முன். ஆங்கிலத்தில் மெதைலின் முதலெழுத்து புரொப்பைலின் முதலெழுத்துக்கு முன். ஆகவே 3-மெதைல்-4-புரொப்பைல்ஒக்ரேன் சரி, 4-புரொப்பைல்-3-மெதைல்ஒக்ரேன் பிழை. அதேபோலப் பியூற்றைல், எதைலுக்கு முன்னால் வரும். பின்னர் அலசன்கள் (குளோரீன், புரோமீன் போன்றவை) சேரும்போதும் இதே கதைதான்: புரோமோ முதலில், குளோரோ பிறகு, தமிழ் வரிசைக்கு நேர்மாறாக. நான் என் வகுப்பில் பியூற்றைல், எதைல், மெதைல், புரொப்பைல் என்ற நான்கையும் இந்த ஒழுங்கிலேயே ஒரு மூச்சில் சொல்லவைப்பேன். அது வாயில் நின்றுவிட்டால் எழுத்துக் குழப்பம் வராது.

டை, ட்ரை, டெற்றா என்ற எண்ணிக்கை முன்னொட்டுகளுக்கு அகரவரிசையில் இடமில்லை. டைமெதைல் என்பதை மெதைலின் எழுத்தைக் கொண்டே வரிசைப்படுத்துங்கள். ஆகவே 3-எதைல்-2,2-டைமெதைல் என்றுதான் எழுத வேண்டும். இரு பக்கமும் எண்கள் சமமாக வந்தால் அகரவரிசையில் முந்துகிற கிளைக்குச் சிறிய எண்: 3-எதைல்-4-மெதைல்எக்சேன். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் காற்புள்ளி, எண்ணுக்கும் சொல்லுக்கும் இடையில் சிறுகோடு, கடைசிக் கிளையும் சங்கிலிப் பெயரும் இடைவெளியின்றி ஒட்டி. இரண்டு மெதைல் ஒரே காபனில் இருந்தாலும் எண்ணை இருமுறை எழுத வேண்டும்: 2,2. "2-டைமெதைல்" என்று எழுதிப் புள்ளியை இழக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

மேலே சொன்ன 3-மெதைல்-4-புரொப்பைல்ஒக்ரேனில் இன்னொரு விதியும் ஒளிந்திருக்கிறது. அதை வரைந்து பென்சிலை ஓட்டினால் எட்டுக் காபன் பாதைகள் இரண்டு கிடைக்கும். ஒன்று மெதைல் தாங்கிய காபன் வழியாகப் போகும், மற்றது புரொப்பைல் வழியாக வரும். நீளம் சமம் என்றால் அதிகக் கிளைகள் கொண்ட பாதையையே பிரதான சங்கிலியாக எடுக்க வேண்டும். முதலாவதில் மெதைல், புரொப்பைல் என்று இரண்டு கிளை. இரண்டாவதில் நான்கு காபன் கொண்ட சிக்கலான கிளை ஒன்றே ஒன்று. முதலாவதை எடுத்தால் பெயரும் எளிதாகிறது. விதி போட்டவர்கள் நம்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டிய இடம் இது.

இனி, எழுதிய பெயரைச் சரிபார்க்கும் வழி. இதைப் பாடப்புத்தகங்களில் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு அது குறையாகவே படுகிறது. பிரதான சங்கிலியின் முனைக் காபன் எந்தக் காபன் கிளையையும் தாங்க முடியாது, ஏனெனில் அங்கே வரும் காபன் சங்கிலியை நீட்டிவிடும். ஆகவே அற்கேன் பெயரில் பிரதான சங்கிலிக்கு 1-மெதைல் என்று கண்டால் கேள்வியே வேண்டாம், பிழை (பின்னால் வரும் அடைப்புக்குறிக் கிளைகளும் வளையங்களும் வேறு கதை). அதே நியாயத்தில் 2-எதைல் வராது: இரண்டாம் காபனிலிருந்து முனை வரை ஒரே ஒரு காபன்தான், எதைலோ இரண்டு காபன், எதைல் வழியாகப் போனால் சங்கிலி நீளும். 3-புரொப்பைலும் இப்படித்தான் வராது. பொதுவாகச் சொன்னால், தானே கிளைவிடாத ஒரு கிளையில் எத்தனை காபன் உண்டோ, அதற்கு மேற்பட்ட எண்ணில்தான் அது நிற்க முடியும், எந்த முனையிலிருந்து எண்ணினாலும். இந்த ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் 1,3-டைமெதைல்பியூற்றேனையும் 2-எதைல்பியூற்றேனையும் விடைத்தாளைக் கொடுக்கு முன் நீங்களே வெட்டியிருப்பீர்கள். எதைல் கிளைக்கு இருபுறமும் இரண்டு இரண்டு காபன் வேண்டும், நடுவில் ஒன்று. சங்கிலியே ஐந்து, எதைலோடு ஏழு. ஆறு காபன் அற்கேனில் எதைல் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. ஏழு காபனில்தான் அது முதன்முதலாக 3-எதைல்பென்ரேன் என்று தலைகாட்டும்.

மற்றச் சோதனை, பெயரை மட்டும் வேறு தாளில் எழுதி, பழைய படத்தைப் பார்க்காமல் அதிலிருந்து மூலக்கூறை வரைவது. மொத்தக் காபன் எண்ணிக்கை சரியா என்று முதலில் பாருங்கள், பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள். சமபகுதியக் கேள்விகளில் இரண்டு படங்களுக்கு ஒரே பெயர் வந்தால் ஒன்றை அடித்துவிடலாம். பழக ஏழு காபன் நல்ல அளவு. சங்கிலியை ஒவ்வொரு காபனாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஏழுச் சங்கிலி: எப்ரேன். ஆறுச் சங்கிலி: 2-மெதைல்எக்சேன், 3-மெதைல்எக்சேன். ஐந்துச் சங்கிலியில் இரண்டு மெதைலை வைக்கும் வழி நான்கு, 2,2 / 2,3 / 2,4 / 3,3 டைமெதைல்பென்ரேன்கள், அதோடு 3-எதைல்பென்ரேன். நான்குச் சங்கிலியில் ஒன்றே ஒன்று, 2,2,3-ட்ரைமெதைல்பியூற்றேன். எண்ணிப் பாருங்கள், ஒன்பது.

கிளைக்கே கிளை இருந்தால் அடைப்புக்குறி போட்டு அதற்குத் தனி இலக்கம் கொடுக்க வேண்டும். இது நம்மூர் ஒழுங்கைக்குள் வீட்டிலக்கம் போடுவது மாதிரி: பெரிய வீதியைத் தொடும் முனையில் ஒன்று தொடங்கும். 4-(1-மெதைல்எதைல்)எப்ரேன் என்றால், நான்காம் காபனில் ஓர் எதைல், அந்த எதைலின் சங்கிலியைத் தொடும் காபனில் ஒரு மெதைல். பழைய பெயரில் அது ஐசோபுரொப்பைல், இன்றைய ஐயுபாக் பெயரில் புரொப்பேன்-2-ஐல். மூன்றையும் பார்த்தால் அடையாளம் காணத் தெரிந்திருந்தால் போதும்.

அற்கீனுக்கு வருவோம். இங்கே முதல் மரியாதை இரட்டைப் பிணைப்புக்கு. கிளைகளைப் பற்றிக் கவலைப்படாமல், இரட்டைப் பிணைப்புக்குக் கிட்டிய முனையிலிருந்து எண்ணுங்கள். பிணைப்பின் இரு காபன்களில் சிறிய எண்ணை மட்டும் "ஈன்" என்ற ஈற்றுக்கு முன்னால் எழுதுங்கள். ஐந்து காபன், ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு, மறுமுனைக்கு அடுத்த காபனில் மெதைல் என்றால் 4-மெதைல்பென்ற்-1-ஈன். மெதைலுக்குச் சிறிய எண் கொடுக்கும் ஆசையில் 2-மெதைல்பென்ற்-4-ஈன் என்று எழுதக்கூடாது. இரட்டைப் பிணைப்பு நட்டநடுவில் இருந்தால் மட்டும் கிளை தீர்மானிக்கும்: 2-மெதைல்எக்ஸ்-3-ஈன், 5-மெதைல் அல்ல. பழைய நூல்களில் எண் முன்னால் வந்து "1-பென்ரீன்" என்றிருக்கும். 1993 பரிந்துரைகளுக்குப் பிறகு எண் ஈற்றோடு ஒட்டிக்கொண்டது. பியூற்-2-ஈனுக்குச் சிஸ், ட்ரான்ஸ் என்று இரு வடிவம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இரட்டைப் பிணைப்பின் காபன் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு கூட்டங்கள் இருந்தால்தான் அது வரும். பியூற்-1-ஈனில் ஒரு காபனில் இரண்டு ஐதரசன், ஆகவே கிடையாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தச் சேர்வையில் ஒரு காபன், ஒரு பக்கம் எதைல், மறுபக்கம் புரொப்பைல், மூன்றாவது பக்கம் இரண்டு ஐதரசன் கொண்ட ஒரு காபனோடு இரட்டைப் பிணைப்பு. பென்சிலை ஓட்டினால் மிக நீண்ட பாதை எதைல் நுனியிலிருந்து புரொப்பைல் நுனி வரை, ஆறு காபன். ஆனால் அந்தப் பாதையில் இரட்டைப் பிணைப்பு இல்லை. பல காலமாக இருந்த விதி, இரட்டைப் பிணைப்பின் இரு காபன்களும் பிரதான சங்கிலிக்குள் இருக்க வேண்டும், நீளம் அதற்குப் பிறகுதான் என்றது. அதன்படி ஐந்து காபன் சங்கிலி, 2-எதைல்பென்ற்-1-ஈன். உங்கள் சேர் சொன்னது இது. ஐயுபாக் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகள் ஒழுங்கை மாற்றின: முதலில் நீளம், பிறகுதான் இரட்டைப் பிணைப்பு. அதன்படி ஆறு காபன் சங்கிலி எக்சேன், மூன்றாம் காபனில் இரட்டைப் பிணைப்பால் தொங்கும் ஒற்றைக் காபன் மெதைலிடீன் என்ற கிளை. இணையத்துத் தரவுத்தளங்களும் பெயரிடும் மென்பொருள்களும் புதிய விதியைப் பின்பற்றுவதால் 3-மெதைலிடீன்எக்சேன் என்று காட்டுகின்றன. பரீட்சைக்கு வகுப்பில் படித்த முறைப்படியே எழுதுங்கள். என் கருத்தைக் கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் பழைய விதிதான் உகந்தது. ஒரு சேர்வை அற்கீனா இல்லையா என்பது பெயரின் ஈற்றைப் பார்த்ததும் தெரிய வேண்டும். எக்சேன் என்று முடியும் பெயருக்குள் இரட்டைப் பிணைப்பை ஒளித்து வைத்தால் தொடக்கத்தில் இருப்பவர் தடுமாறத்தான் செய்வார்.

மும்மைப் பிணைப்புக்கும் இதே இலக்கமிடல்தான், ஈறு மட்டும் "ஐன்". அவசரத்தில் எதைன், எதைல் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்; முன்னது முழுச் சேர்வை, பின்னது கிளை. இரட்டையும் மும்மையும் ஒரே சங்கிலியில் இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சிறிய எண் தொகுதி வரும் பக்கத்தை எடுங்கள்: பென்ற்-3-ஈன்-1-ஐன். தொகுதி இரு பக்கமும் சமமானால் இரட்டைக்கே சிறிய எண்: பென்ற்-1-ஈன்-4-ஐன். எழுதும்போது "ஈன்" எப்போதும் முன்னால்.

வளையங்களுக்குச் சைக்கிளோ என்ற முன்னொட்டு. ஒரே ஒரு கிளை என்றால் எண்ணே வேண்டாம், மெதைல்சைக்கிளோஎக்சேன். இரண்டு என்றால் அகரவரிசையில் முந்தியதற்கு 1. பென்சீனிலும் அப்படியே: மெதைல்பென்சீன், 1,2- அல்லது 1,3- அல்லது 1,4-டைமெதைல்பென்சீன்.

விதிப்படி பெயர் தெரிந்தாலும் கடையில் அந்தப் பெயர் எடுபடாது. மெதைல்பென்சீனைப் பெயின்ற் கடையில் தொலுயீன் என்றுதான் கேட்க வேண்டும். பஞ்சிகாவத்தைப் பக்கம் காஸ் வெல்டிங் செய்பவரிடம் எதைன் என்றால் விளங்காது, அசற்றலீன் என்றால் சிலிண்டரைக் காட்டுவார். அந்தப் பெயரின் ஈறு அற்கீன் மாதிரி ஒலிக்கும், ஆனால் மும்மைப் பிணைப்புள்ள அற்கைன். பல்தேர்வு வினாவில் வைக்க அருமையான பொறி. வாழைக்குலையைப் பழுக்க வைக்கும் எத்திலீன், எதீன். புதிய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்து ஸ்ரிக்கரில் ஆர்-600ஏ என்றிருக்கும். அது ஐசோபியூற்றேன், விதிப்படி 2-மெதைல்புரொப்பேன். பியூற்றேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்க, இது ஏறத்தாழ மைனஸ் 12 பாகையில் கொதிக்கிறது. 2021 கடைசியில் நாடெங்கும் சமையல் காஸ் வெடிப்புகள் நடந்தபோது புரொப்பேன், பியூற்றேன் விகிதம் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிப்பதால், அதன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். "ஐசோ" என்ற முன்னொட்டை மட்டும் நம்பாதீர்கள். வழமைப்படி அது முனைக்கு அடுத்த காபனில் ஒரு மெதைல் என்பதைக் குறிக்கும். அப்படிப் பார்த்தால் ஐசோஒக்ரேன் 2-மெதைல்எப்ரேனாக இருந்திருக்க வேண்டும். பெற்றோல்காரர்களின் ஐசோஒக்ரேன் அந்த வழமைக்கு அடங்காத பெயர்.

கடைசியாக நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. 1876இல் கம்பகா எனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த இறப்பர்க் கன்றுகளிலிருந்துதான் நம் நாட்டு இறப்பர்த் தோட்டங்கள் தொடங்கின. இறப்பர்ப் பாலில் உள்ள நெடுஞ்சங்கிலியின் அலகு ஐசோப்பிரீன்: நான்கு காபன் சங்கிலி, இரு முனைகளிலும் இரட்டைப் பிணைப்பு, நடுக் காபன்களில் ஒன்றில் மெதைல். இரு பக்கமும் எண்ணுங்கள். இரட்டைப் பிணைப்புகளுக்கு எந்தப் பக்கமும் 1,3 தான் வரும், ஆகவே மெதைல் தீர்மானிக்கிறது, 3 அல்ல 2. இரண்டு "ஈன்" இருப்பதால் ஈறு டையீன், அதற்கு முன் பியூற்றா என்று ஆகாரம் நிற்கும். விடை 2-மெதைல்பியூற்றா-1,3-டையீன்.